காவலாளி யார்? அமெரிக்கக் கறுப்பினச் சிறுவருக்கான கல்வித் திட்டங்கள் குறித்து ஓர் இறையியல் திறனாய்வு

2014 ஆம் ஆண்டு பிப்ரவரி 27 ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா வெள்ளை மாளிகையில் ஒரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கறுப்பினச் சிறுவரும், நிறத்தாலும் மரபாலும் ஒதுக்கப்பட்ட பிற இளைஞரும் பள்ளிப் படிப்பை முடித்து வாழ்வில் நிலைபெறத் துணைசெய்வதே அதன் நோக்கம். ஐந்தாண்டுகளில் குறைந்தது 20 கோடி டாலர் திரட்டித் தர அறக்கட்டளைகள் முன்வந்தன. திட்டத்திற்கு ‘என் சகோதரனின் காவலாளி’ என்று பெயர் சூட்டப்பட்டது. திருமறையை அறிந்த எவருக்கும் இப்பெயர் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது விளங்கும். தம்பியைக் கொன்ற காயீன் ஆண்டவரை நோக்கித் திருப்பிக் கேட்ட கேள்வியின் சொற்கள் அவை (ஆதி. 4:9).

காயீன் மறுத்ததை நாங்கள் ஏற்கிறோம் என்று சொல்வதே இப்பெயரின் கருத்து. நோக்கம் நல்லது. ஆயினும் ஒரு பெயர் தன் மூலப் பகுதியை உடன் கொண்டுவருகிறது. அப்பகுதி கேட்பதை அப்பெயர் கொண்ட திட்டம் கேட்கிறதா என்று ஆராய்வது இறையியல் மாணவரின் கடமையாகும். கறுப்பினச் சிறுவருக்கென அந்நாட்டில் நடைபெற்றுவரும் சமுதாயத் திட்டங்கள் சிலவற்றை அந்நோக்கில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் முயற்சி.

1. காவல் என்னும் சொல்

காயீன் கையாளும் எபிரெயச் சொல்லின் வேர் ‘ஷாமர்’ என்பதாகும். ஏதேன் தோட்டத்தைக் காக்கும்படி மனிதன் வைக்கப்பட்டபோதும் இவ்வினையே வருகிறது (ஆதி. 2:15). ஜீவவிருட்சத்திற்குச் செல்லும் வழியை மறித்து நிற்கும் கேருபீன்களுக்கும் இதுவே வருகிறது (3:24). 121 ஆம் சங்கீதத்தில் ஆண்டவர் தம் மக்களைக் காப்பதைக் கூறவும் இவ்வேரே ஆறு முறை பயில்கிறது. ஆகவே பேணிக் காப்பதும், மறித்துக் காப்பதும் ஆகிய இரு பொருளும் இச்சொல்லுக்குள் அடங்கியுள்ளன.

நம் தமிழிலும் நிலைமை அதுவே. பயிருக்குக் காவல் என்கிறோம். கைதியும் காவலில் வைக்கப்படுகிறான். அமெரிக்கப் பொதுப்பள்ளிகள் பலவற்றில் காவல்துறை அலுவலர் பணியமர்த்தப்பட்டிருக்கின்றனர். அத்தகைய பள்ளியில் பயிலும் கறுப்பினச் சிறுவனுக்குக் காவலாளி என்ற சொல் எப்பொருளில் முதலில் புலப்படும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. காவலாளியாய் இருந்தாயா என்று ஆண்டவர் காயீனிடம் கேட்கவில்லை. ஆபேல் எங்கே என்றே கேட்டார். அக்கேள்வி கேட்கப்பட்டதும் தீங்கு செய்தவனிடமே. ஆபேலிடம் என்ன குறை இருந்தது, அவன் ஏன் வயல்வெளிக்குச் சென்றான், அவனுக்கு என்ன பயிற்சி கொடுத்திருக்கலாம் என்ற ஆராய்ச்சிக்குத் திருமறை இடம் கொடுப்பதில்லை. சிறுவருக்கான எந்தத் திட்டத்தையும் அளக்க இது நல்லதோர் அளவுகோல். திட்டம் யாரைக் கேள்வி கேட்கிறது? யார் மாறவேண்டுமென்று எதிர்பார்க்கிறது?

2. பார்வையில் உள்ள பிழை

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2018 இல் வெளியிட்ட அறிக்கை, 2013–14 கல்வியாண்டின் விவரங்களை ஆராய்ந்தது. பொதுப்பள்ளி மாணவரில் கறுப்பின மாணவர் 15.5 விழுக்காட்டினர், பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டோரில் அவர்கள் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர். மழலையர் வகுப்புகளிலும் இந்நிலை காணப்பட்டது. அதே ஆண்டில் அவ்வகுப்புகளில் கறுப்பினக் குழந்தைகள் 19 விழுக்காடு. நீக்கப்பட்ட குழந்தைகளில் அவர்கள் 47 விழுக்காடு. நான்கு வயதுக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடும் அளவிற்கு அது என்ன குற்றம் செய்யக்கூடும்?

யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் வால்டர் கில்லியமும் அவருடைய குழுவினரும் 2016 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. மழலையர் பள்ளி ஆசிரியரிடம் ஒளிப்படக் காட்சிகளைக் காட்டி, தொல்லை தரும் நடத்தை எங்கே தோன்றுகிறதென்று கவனிக்கும்படி கூறினர். காட்சியில் கறுப்பினச் சிறுவன், சிறுமி, வெள்ளையினச் சிறுவன், சிறுமி என நால்வர் இருந்தனர். உண்மையில் அவற்றில் தொல்லை எதுவுமே இல்லை. ஆயினும் ஆசிரியரின் கண்கள் கறுப்பினச் சிறுவன்மீதே மிகுதியாகத் தங்கின என்பதைக் கருவிகள் பதிவு செய்தன.

இதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது என்னுடைய குற்றமே. இளமையில் ஒரு மாணவர் விடுதியின் பொறுப்பை ஏற்றிருந்தேன். மாலைப் படிப்பு வேளையில் பின்னாலிருந்து சத்தம் எழுந்தால், திரும்பிப் பாராமலே ஒரு பையனின் பெயரைச் சொல்லி அதட்டுவது என் வழக்கமாயிருந்தது. ஒரு நாள் அவ்வாறு அதட்டியபோது அறை முழுவதும் அமைதியாயிற்று. “ஐயா, அவன் காய்ச்சலென்று நேற்றே ஊருக்குப் போய்விட்டான்” என்றான் ஒரு சிறுவன். அவன் திரும்பி வந்தபின் நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. ஆகவே அயல்நாட்டு ஆசிரியரைக் குறைகூறும் தகுதியோடு இதை எழுதவில்லை.

இப்பார்வைக்கு ஒரு வரலாறு உண்டு. 1954 இல் பிரவுன் வழக்கில் உச்சநீதிமன்றம், பொதுப்பள்ளிகளில் இனவாரியாக மாணவரைப் பிரித்து வைப்பது சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நீதியானது. ஆனால் பள்ளிகள் இணைக்கப்பட்டபோது வெள்ளையர் பள்ளிகளே பெரும்பாலும் நிலைபெற்றன. கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட்டன. 1954 முதல் 1965 வரை 17 மாநிலங்களில் 38,000 க்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியரும் தலைமையாசிரியரும் வேலையிழந்தனர். பிள்ளைகள் புதிய பள்ளிக்குள் நுழைந்தனர். அவர்களைப் பெயர் சொல்லி அறிந்திருந்த ஆசிரியர் வெளியே நிறுத்தப்பட்டனர்.

அவ்விழப்பின் அளவைப் பிற்காலத்து ஆய்வொன்று உணர்த்துகிறது. வட கரோலினா மாநிலத்தின் பதிவேடுகளை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வின்படி, மிக வறிய கறுப்பினச் சிறுவர் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புக்குள் ஒரேயொரு கறுப்பின ஆசிரியரிடம் படித்திருந்தாலும், அவர்கள் உயர்நிலைப் பள்ளியை இடையில் விட்டுவிடும் வாய்ப்பு 39 விழுக்காடு குறைந்தது.

3. சீடர்களின் கேள்வி

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றோர் செய்த பாவமா என்று வினவினர் (யோவான் 9:2). பிழை இவனிடம் இருக்கவேண்டும், அல்லது இவன் வீட்டில் இருக்கவேண்டும். அவர்களுடைய கேள்வியில் மூன்றாவது வழிக்கே இடமில்லை. இயேசு அந்த இரண்டையும் மறுத்துவிட்டார்.

கறுப்பினச் சிறுவரைப் பற்றிய பொதுப் பேச்சு நெடுங்காலமாகச் சீடர்களின் கேள்வியையே கேட்டு வருகிறது. 1965 இல் தொழிலாளர் துறையின் துணைச் செயலாளராயிருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹன் கறுப்பினக் குடும்பம் பற்றி ஓர் அறிக்கை அளித்தார. அடிமைமுறையின் கொடுமையையும் வேலையின்மையையும் அவர் மறைக்கவில்லை. எனினும் தந்தையற்ற குடும்பமே சீர்கேட்டின் நடுமையம் என்ற கருத்தே அவ்வறிக்கையிலிருந்து நாடெங்கும் பரவி நிலைத்தது.

2018 இல் பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய தோழரும் வெளியிட்ட பேராய்வு, இக்கருத்தைத் திருத்துகிறது. ஒரே வருமானமுள்ள வீடுகளில், ஒரே பகுதியில் வளர்ந்தபோதும், நாட்டின் 99 விழுக்காட்டுப் பகுதிகளில் கறுப்பினச் சிறுவர் வளர்ந்தபின் வெள்ளையினச் சிறுவரைவிடக் குறைவாகவே ஈட்டினர். வறுமை ஒன்றே காரணமெனின் இவ்வேறுபாடு தோன்றாது. வேறுபாடு குறைந்திருந்த பகுதிகளின் தன்மை நம் கவனத்திற்குரியது. அங்கே வறுமை குறைவு; வெள்ளையரிடையே இனவெறுப்பு குறைவு; கறுப்பினத் தந்தையர் பலர் குடியிருந்தனர். ஒரு சிறுவனின் சொந்தத் தந்தை அவன் வீட்டில் இருந்தாரா இல்லையா என்பதற்கு அப்பால், அத்தெருவில் தந்தையர் இருந்தனர் என்பதே அவனுக்குத் துணையாயிற்று. திருச்சபை தன்னைக் குடும்பம் என்று அழைத்துக்கொள்ளுமானால், இம்முடிவைவிடப் பொருத்தமான அறைகூவல் அதற்குக் கிடைப்பது அரிது.

4. மூன்று முயற்சிகள்

சிக்காகோ நகரில் 2001 இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் பெயர் ‘ஆண்மகனாதல்’ எனப் பொருள்படும். பள்ளி நேரத்திலேயே வாரம் ஒருமுறை சிறுவர் வட்டமாக அமர்ந்து, ஒரு வழிகாட்டியோடு மனந்திறந்து பேசுகின்றனர். அதிலுள்ள ஒரு பயிற்சி புகழ்பெற்றது. இருவரில் ஒருவனிடம் ஒரு பந்து கொடுக்கப்படுகிறது. மற்றவன் அதை 30 நொடிகளில் பெறவேண்டும். பெரும்பாலும் அனைவரும் அடித்துப் பிடுங்கவே முயல்கின்றனர். பின்னர் வழிகாட்டி, ஏன் ஒருவரும் பந்தைக் கேட்டுப் பார்க்கவில்லை என்று வினவுகிறார். கேட்டிருந்தால் தந்திருப்பேன் என்று எதிரில் இருந்தவன் சொல்லும்போது, இருவருமே வியப்படைகின்றனர். சிக்காகோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஆய்வாளர், குலுக்கல் முறையில் சேர்க்கப்பட்டவரையும் சேர்க்கப்படாதவரையும் ஒப்பிட்டனர். திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் 45 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தன என்று 2017 இல் வெளியிட்டனர். முதல் ஆய்வுக் குழுவினரில் பள்ளிப் படிப்பை முடித்தோரின் விகிதமும் 12 முதல் 19 விழுக்காடு வரை உயர்ந்தது.

இது சிறிய நன்மையன்று. உயிரோடிருக்கும் ஒரு பிள்ளையின் தாய்க்கு இதன் மதிப்பு தெரியும். ஆயினும் இத்திட்டத்தில் நிதானிக்கக் கற்பவன் சிறுவன் மட்டுமே. மழலையர் வகுப்பில் அவன்மேல் கண் பதித்த ஆசிரியருக்கும், தெருவில் அவனை நிறுத்தும் காவலருக்கும், அடிக்கும் முன் கேள் என்று யார் கற்பிப்பது? அவசரமான கை பள்ளி நிர்வாகத்திற்கும் உண்டு. தற்காலிக நீக்கம் என்பது அக்கையே.

கலிபோர்னியாவின் ஓக்லந்து நகரப் பள்ளி மாவட்டம் 2010 இல் வேறொரு வழியை மேற்கொண்டது. கறுப்பினச் சிறுவரின் கல்வி வளர்ச்சிக்கென்றே ஓர் அலுவலகத்தை அது நிறுவியது. வழக்கமான பாட அட்டவணைக்குள்ளேயே, கறுப்பின ஆண் ஆசிரியர் கறுப்பினச் சிறுவருக்குத் தம் மக்களின் வரலாற்றையும், உணர்வுகளை ஆளும் முறையையும், கல்விப் பயிற்சியையும் அளித்தனர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தாமஸ் டீயும், எமிலி பென்னரும் செய்து 2019 இல் வெளியான ஆய்வு, கறுப்பினச் சிறுவரின் இடைநிற்றல் 43 விழுக்காடு குறைந்ததென்று கண்டது. அவ்வாய்வின் மற்றொரு முடிவே எனக்கு மேலும் முக்கியமாகத் தோன்றுகிறது. இவ்வகுப்பில் சேர்க்கப்படாத கறுப்பினச் சிறுமியரிடையேயும் இடைநிற்றல் ஓரளவு குறைந்தது. வகுப்பறைக்குள் சிறுவர் மட்டும் திருத்தப்பட்டிருந்தால் இது நேர்ந்திராது. அவ்வாசிரியர்கள் பள்ளியின் தாழ்வாரத்திலும் உணவறையிலும் நடமாடினர். பள்ளியே சிறிது மாறியது என்று கொள்வது பொருந்தும்.

மூன்றாவது முயற்சி இவற்றினும் பழையது. 1964 கோடையில் மிசிசிப்பி மாநிலத்தில் மக்கள் உரிமைத் தொண்டர்கள் 40 க்கும் மேற்பட்ட ‘விடுதலைப் பள்ளிகளை’ நடத்தினர். 2,000 க்கும் மேற்பட்டோர் பயின்றனர். பல பள்ளிகள் ஆலயங்களில் நடந்தன. அக்கோடையில் ஆலயங்கள் பல தீக்கிரையாக்கப்பட்டன. அப்பள்ளிகளின் பாடத்திட்டம் கேள்விகளால் அமைந்தது. நாம் ஏன் இங்கே வந்திருக்கிறோம், நாம் மாற்ற விரும்புவது என்ன என்று பிள்ளைகளிடம் கேட்டனர். மரியன் ரைட் எடல்மன் நிறுவிய குழந்தைகள் பாதுகாப்பு நிதியம் 1990களில் இம்மரபைப் புதுப்பித்தது; இன்றும் பல கோடைக்காலப் பள்ளிகள் ஆலய வளாகங்களில் நடைபெறுகின்றன.

எரிகோ சாலையோரத்தில் பர்திமேயு கூப்பிட்டபோது, சுற்றியிருந்தோர் அவனை அதட்டி வாயடைக்க முயன்றனர். இயேசுவோ நின்று, அவன் வேண்டுவது யாதென்று அவனையே கேட்டார் (மாற்கு 10:48–51). குருடனுக்கு வேண்டியது பார்வை என்பது யாவருக்கும் தெரிந்ததே, ஆயினும் கேட்டார். விடுதலைப் பள்ளிகள் செய்ததும் அதுவே. சிறுவருக்கான இன்றைய திட்டங்கள் பலவற்றின் குறை, அவை பிள்ளைகளை எண்ணுகின்றன, அளக்கின்றன, ஆனால் கேட்பதில்லை என்பதே.

5. மறக்கப்பட்ட சகோதரி

ஒபாமாவின் திட்டம் அறிவிக்கப்பட்ட சில திங்களுக்குள் கறுப்பினத்தாரிடமிருந்தே மறுப்பு எழுந்தது. 2014 மே மாதத்தில் 200 கறுப்பின ஆண்களும், ஜூன் மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களும் திறந்த மடல்கள் வெளியிட்டனர். சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா இம்முயற்சியில் முன்னின்றவர். எங்கள் பெண்பிள்ளைகளை ஏன் விட்டுவிட்டீர்கள் என்பதே அவர்கள் வினா. 2011–12 ஆம் ஆண்டின் அரசுக் கணக்கு அவர்கள் பக்கம் நின்றது. கறுப்பினச் சிறுவரில் 20 விழுக்காட்டினர் தற்காலிகமாக நீக்கப்பட்டனர். வெள்ளையினச் சிறுவரில் 6 விழுக்காடு. கறுப்பினச் சிறுமியரில் 12 விழுக்காடு. வெள்ளையினச் சிறுமியரில் 2 விழுக்காடு. சிறுவரிடையே வேறுபாடு மூன்று மடங்கிற்கு மேல். சிறுமியரிடையே ஆறு மடங்கு.

சிறுவருக்கெனத் தனித்திட்டம் கூடாது என்பது என் கருத்தன்று. காயம் எவ்விடமோ அவ்விடத்திற்கே மருந்து. ஆனால் சிறுவனை மட்டும் ‘ஆபத்திலுள்ளவன்’ என்று பிரித்தெடுக்கும் திட்டம், அவனுடைய ஆண்மையையே பிரச்சினையாக்கிவிடுகிறது. அவனையும் அவன் சகோதரியையும் ஒரே பார்வை தாக்குகிறது என்பதை அது மறைக்கிறது.

தனித்திட்டங்களுக்கு எதிராக வேறொரு திசையிலிருந்தும் குரல் எழுந்துள்ளது. 2023 ஜூன் 29 அன்று உச்சநீதிமன்றம் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்வதைத் தடைசெய்தது. அதன்பின் இனத்தின் பெயரைத் தாங்கிய பள்ளித் திட்டங்களும் சட்ட எதிர்ப்பைச் சந்தித்து வருகின்றன. எல்லாரையும் ஒன்றுபோல் நடத்தவேண்டும் என்பதே அவ்வெதிர்ப்பின் வாதம். கேட்க இனிய வாதம். ஆனால் ஆசிரியரின் கண் ஒன்றுபோல் பார்க்காதபோது, பதிவேடு மட்டும் ஒன்றுபோல் பார்ப்பதால் நீதி பிறக்காது. கிரென்ஷாவின் மறுப்பு, சகோதரியையும் சேர் என்பது. இம்மறுப்பு, சகோதரனையும் விடு என்பது. இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.

6. சபையின் கைதட்டல்

பெஞ்சமின் மேஸ் என்பவரை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று. அடிமைகளாய்ப் பிறந்த பெற்றோருக்குத் தென் கரோலினாவில் பிறந்தவர். பின்னாளில் இறையியல் பேராசிரியராகி, 1940 முதல் 1967 வரை அட்லாண்டாவிலுள்ள மோர்ஹவுஸ் கல்லூரியின் தலைவராயிருந்தார். 1944 இல் 15 வயதில் அக்கல்லூரியில் சேர்ந்த மார்ட்டின் லூதர் கிங் அவரையே தம் வழிகாட்டியாகக் கொண்டார். மேஸ் சிறுவனாயிருந்தபோது, தம் கிராமத்துக் கறுப்பின ஆலயத்தில் திருமறைப் பகுதியொன்றை ஒப்புவித்தார். சபையார் எழுப்பிய ஆரவாரமே தமக்குப் படிக்கும் துணிவைத் தந்ததென்று தம் வாழ்க்கை வரலாற்றில் கூறியுள்ளார். அறக்கட்டளை நிதியோ ஆய்வோ இல்லாத அக்காலத்தில், கறுப்பினச் சிறுவனுக்கான சமுதாயத் திட்டம் இதுவாகவே இருந்தது. அவனைக் குற்றவாளியாகக் காணாத கண்கள் ஒரு கூரையின்கீழ் வாரந்தோறும் கூடின.

இதே மேஸ், வாலிப கிறிஸ்தவ சங்கத்தின் உலக மாநாட்டிற்காக 1937 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மைசூருக்கு வந்தார். அருகே தீண்டப்படாதார் எனப்பட்டோர் பயின்ற ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் அவரை அழைத்து, உங்களைப் போன்ற தீண்டப்படாதார் ஒருவர் உயர்ந்த நிலையை அடைந்து வந்திருக்கிறார் என்று பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார். மேஸ் முதலில் திகைத்துச் சினமுற்றார். பின்னர், தம் நாட்டில் தம் நிலையும் அதுவே என்று உணர்ந்ததாக எழுதியுள்ளார். அப்பள்ளியின் பிள்ளைகளுக்கு அன்று நேர்ந்ததை எண்ணிப் பார்க்கிறேன். தம்மைப் போன்றவர் ஒருவர் மேடைமீது நிற்பதை அவர்கள் கண்டனர்.

ஆதலால் இத்திட்டங்களைப் பற்றி என் மதிப்பீடு இது: அவை செய்யும் நன்மையை நன்றியோடு ஏற்கவேண்டும். ஆனால் சிறுவனைத் திருத்துவதோடு நின்றுவிடும் திட்டம் சீடர்களின் கேள்வியையே கேட்கிறது. அவனைச் சுற்றியுள்ள பெரியோரின் பார்வையை மாற்றும் திட்டமே ஆண்டவரின் கேள்விக்குச் செவிகொடுக்கிறது. நம் ஆயர்களும், நாளை ஆயராகப்போகும் மாணவரும், மாலை வகுப்பையோ விடுதியையோ பொறுப்பேற்கும் நாளில், பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைக் கையில் எடுக்குமுன் தம்மையே சோதித்துக்கொள்வார்களாக. எந்தப் பெயரைத் திரும்பிப் பாராமலே அதட்டுகிறோம்? எவனிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை? எவளை எண்ணவே மறந்தோம்?

ஆபேல் எங்கே என்று ஆண்டவர் கேட்டபோது, இடம் தெரியாமல் அவர் கேட்கவில்லை. நிலத்திலிருந்து எழுந்த குரலை அவர் முன்னமே கேட்டிருந்தார். விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே.